பன்னிரண்டாவது கட்டம்

பன்னிரண்டாவது கட்டத்தில் இருந்த ஸ்வரம் மறுபடியும் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. வெங்கிடேஷுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. நேற்றுச் சாயங்காலம்தான் அதைக் கீழே இறக்கி வைத்திருந்தான். முந்தாநாளும் இதே கூத்துதான்.

கழக்கூட்டத்து ஃபிளாட்டில் அவன் மேஜை மேல் இருந்த கறுப்புப் பெட்டி, பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த நாதத்தை, அதாவது பேஸை, எழுப்பும் பழைய பாணி அனலாக் சிந்தசைசர். அதை வாசிக்க ஆள் தேவையில்லை. லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்தால் ஒரு சீக்வென்சர் பக்கம் வரும். அதில் பதினாறு கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு ஸ்வரத்தைக் குத்திவிட்டால், மிடி கேபிள் வழியாக உத்தரவு போய், பெட்டி தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கும்.

அலுவலக ஓணக் கொண்டாட்டத்தில் கூட வேலை பார்க்கும் ஹரிகுமாரின் பாட்டுக் கோஷ்டிக்கு இந்தப் பெட்டிதான் பேஸ் என்று சண்டை போட்டுச் சம்மதம் வாங்கியிருந்தான் வெங்கிடேஷ். காரணம் இருந்தது. போன ஓணத்துக்கு அவனுக்குக் கிடைத்தது மாவேலி வேஷம், தொப்பையும் குடையுமாக வரும் மகாபலி ராஜா. அவன் தொப்பையைப் பார்த்த பிறகு எச்.ஆர். ரெம்யா வேறு யாரையும் தேடவே இல்லை. அட்டைக் கிரீடமும் ஓலைக்குடையுமாக மாடி மாடியாக நடந்து, எல்லோருடைய செல்ஃபியிலும் சிரித்தான். ஒருவன் தொப்பையைத் தட்டிப் பார்த்தது இன்னும் ஆறவில்லை. கோஷ்டியில் இருந்தால் வேஷம் தப்பும். இந்த வருஷமும் அந்தக் கிரீடம் தலையில் ஏறினால் வேலையை விட்டுவிடுவது என்று இருந்தான்.

மெட்டுப் போட்ட அன்றே பெருமை தாங்காமல், அந்தச் சீக்வென்சர் பக்கத்தின் இணைப்பைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டு, எல்லோரும் பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதினான். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கரமனையில் இருக்கும் மாமனார் வெங்கடகிருஷ்ணன் மட்டும் 'பார்த்தேன்' என்று ஒற்றை வார்த்தை போட்டார். ஆடிட் வேலையில் ரிட்டயரானவர். வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையைக்கூடச் சிவப்பு மையில் திருத்திவிட்டுத்தான் எடுத்து வைப்பார். கச்சேரிக்குப் போனால் கைதட்டலை விட உச்சுக்கொட்டல்தான் அதிகம். அவரிடம் போய்ப் பாராட்டை எதிர்பார்த்தேனே என்று மனைவி பத்மஜாவிடம் பொருமித் தீர்த்தான்.

இப்போது பெட்டியும் கழுத்தை அறுக்கிறது. அதுவும் அந்தப் பன்னிரண்டாவது ஸ்வரத்தில்! வேண்டுமென்றே கொஞ்சம் உறுத்தலாக அவன் வைத்த ஸ்வரம் அது. பாட்டுக்கே உயிர் அதுதான்.

முதலில் புழுக்கத்தின் மேல் பழி போட்டான். சூட்டில் பெட்டி உளறுகிறது, உளறலைக் கேபிள் வழியாகத் திருப்பி அனுப்பிக் கட்டத்தையும் கெடுக்கிறது என்று ஒரு முடிவுக்கு வந்து, பெட்டியை ஏ.சி. இருக்கும் படுக்கையறைக்கு மாற்றினான். அங்கே இடம் போதாமல் பத்மஜாவின் கட்டில் ஹாலுக்கு வந்தது.

"பெட்டிக்கு ஏ.சி., எனக்கு ஃபேனாக்கும்," என்றாள் பத்மஜா.

மறுநாள் இரண்டு கட்டங்கள் மாறியிருந்தன. கேபிளை மாற்றினான். நான்கு மாறின. அதற்கு மேல் பழி போட மனுஷர்கள்தான் பாக்கி.

கோஷ்டியில் போன வருஷம் வரை பேஸ் கிட்டார் வாசித்தவன் அனீஷ், நாகர்கோவில்காரன். பெட்டி தப்புப் பண்ணாது என்று சொல்லி அவனை ஒதுக்கியது வெங்கிடேஷ்தான். அப்படியும் முகம் சுளிக்காமல் புதுக் கேபிளை வாங்கி வந்து கொடுத்தவன் அவன். ஒத்திகையில் எல்லோர் முன்னாலும், பொறாமையில் என் லேப்டாப்பில் கை வைக்கிறாயா என்று வெங்கிடேஷ் கேட்டுவிட்டான்.

"சேட்டா, உங்க சாதனத்த நான் தொட்டதே இல்ல. இனி இந்த ஓணப் பரிபாடிக்கே நான் இல்ல, கேட்டியளா," என்று சொல்லிவிட்டு, அனீஷ் கிட்டாரோடு ஊருக்கு பஸ் ஏறிவிட்டான்.

ஆக, பெட்டி கைவிட்டால் பேஸுக்கு வேறு நாதியில்லை. லேப்டாப்புக்குப் புதுப் பாஸ்வேர்டு போட்டான். பத்மஜாகூடப் பக்கத்தில் வரக்கூடாது என்று சொல்லி அவளிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். திரையின் மூலையில் மட்டும் ஒரு பச்சைப் புள்ளி அவ்வப்போது எரிந்தது. நெட்டாவது ஒழுங்காக வருகிறதே என்று நினைத்துக்கொண்டான்.

கொண்டாட்டத்தன்று மேடையில் பெட்டியும் லேப்டாப்புமாக நின்றான். பாட்டின் முதல் சுற்று ஜோராக ஓடியது. இரண்டாம் சுற்றில், அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டாவது கட்டம் தானாக மேலே ஏறியது. இறக்கினான். ஏறியது. இறக்கினான். இந்தத் தடவை பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்துக்கொண்டு ஏறியது. பாடகி ஒரு பக்கம் போனாள், டிரம்ஸ் இன்னொரு பக்கம் போனது. "எவன்டா அது?" என்று அவன் கத்தியது மைக்கில் விழுந்து, முன்வரிசை மேனேஜர் திடுக்கிட்டு எழுந்தார். ஹரிகுமார் வந்து பிளக்கைப் பிடுங்கி, லேப்டாப்பையும் மூடினான்.

மேடைக்குக் கீழே ரெம்யா கிரீடத்தோடு நின்றிருந்தாள். மாவேலியாக வர வேண்டியவருக்குக் காய்ச்சலாம்.

"குடை பின்னால இருக்கு, சேட்டா," என்றாள்.

அவன் அப்படி என்ன பாவம் செய்துவிட்டான்? ஒரு ஸ்வரத்தை அதன் இடத்தில் இருக்கச் சொன்னான், அவ்வளவுதானே! ஒட்டு மீசைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றபோது ஃபோன் அடித்தது. மாமனார்.

"மாப்பிள்ளே, நீங்க குரூப்புல லிங்க் போட்டுப் பாத்துச் சொல்லச் சொன்னேளே, அதுல பன்னெண்டாவது கட்டத்துல ஒரு அபஸ்வரம். அன்னிலேந்து தினம் ஃபோன்ல அந்த லிங்க்கைத் திறந்து திருத்தி வெச்சிண்டிருக்கேன். எவனோ ஒரு படுபாவி மறுபடி மறுபடி கெடுத்துடறான். இன்னிக்குப் பச்சைப் புள்ளி எரியறச்சே நேருக்கு நேர் மாட்டினான், விடுவேனா? நீங்க ஒண்ணும் கவலைப்படாதேங்கோ, கடைசில அவன்தான் ஓடிப்போனான்."