இடதுபக்கம் இழுத்த ஸ்டியரிங்

தன் வீட்டில் ஒரே ஒரு டிரைவர்தான் என்ற கேவலமான நிலைமைக்கு வருகிற சனிக்கிழமையோடு முடிவு கட்டிவிடுவது என்று கண்ணாடிக்காரர் சபதம் எடுத்தார். சபதம் எடுத்த இடம், மனைவி ஓட்டிக்கொண்டிருந்த காரின் பக்கத்து சீட். கடை வாசலில் அவரை இறக்கிவிட்டு, "சாயங்காலம் இங்கேயே நில்லுங்க, எங்கயும் போயிடாதீங்க" என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு அவள் போனாள். கடையில் வேலை செய்யும் பெண் அவசர அவசரமாக ஒரு கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். சிரிப்பை மறைக்கத்தான்.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவர். அந்தப் பாதிக்கும் மிச்சப் பாதிக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவருடைய மனைவி. டிரைவிங் ஸ்கூல் டீச்சர். கல்யாணமான புதிதில் கணவருக்கும் ஒரே ஒரு நாள் கற்றுக்கொடுத்தாள். அன்றைக்கு எதிர்வீட்டு கேட் காலமானது. அதற்குப் பிறகு அவர் நிஜக் காரின் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. பழகுநர் உரிமம் காலாவதியாகும்போதெல்லாம் அவள்தான் அவரை இழுத்துக்கொண்டு போய்ப் புதுப்பித்து வைத்தாள். நம்பிக்கை அவளுக்கு. உதறல் அவருக்கு.

ஆனால் வீட்டுப் பின்னறைக்குள் அவர் வேறு ஆள். அங்கே மேஜை விளிம்பில் இறுக்கி மாட்டிய ரேஸ் ஸ்டியரிங், காலடியில் மூன்று பெடல், எதிரே அகலத் திரை. அதில் உட்கார்ந்துவிட்டால் மனுஷன் சூறாவளி. எங்கெங்கோ இருக்கிற முகம் தெரியாதவர்களோடு வாராவாரம் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் போட்டி. நிஜத்தில் அவர் சைக்கிளில் போனால் தெருநாய்கூட ஒதுங்காது, அது வேறு விஷயம்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது பேச்சை எடுத்தார்.

"இந்தச் சனிக்கிழமை ரேஸ்ல முதல் மூணு இடத்துக்குள்ள வந்தா மேல் டிவிஷனுக்குப் போயிடுவேன். அப்படிப் போயிட்டா இந்த வீட்டுல நானும் ஒரு டிரைவர்தான். நீ எனக்கு ஒரு சத்தியம் பண்ணணும்."

"என்ன சத்தியம்?"

"வண்டி ஓட்டக் கத்துக்க வாங்கன்னு இனிமே வாழ்நாள்ல என்னைக் கூப்பிடக் கூடாது."

"மூணுக்குள்ள வரலைன்னா?"

"நானே வந்து உன் வண்டியில உக்காருறேன். போதுமா?"

"சரி."

அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி சொன்னவள் இல்லை. அந்த இடத்தில் அவர் சுதாரித்திருக்க வேண்டும். ரசத்தில் கவனமாக இருந்துவிட்டார்.

மறுநாள் கடையிலிருந்து வந்து உட்கார்ந்தார். ஸ்டியரிங் இடதுபக்கம் இழுத்தது. நேராகப் பிடித்தால் கார் ஓரமாகப் போய்ச் சுவரை முத்தமிட்டது.

இந்த ஸ்டியரிங்குக்குள் ஒரு மோட்டார் உண்டு. திரையில் கார் வளைந்தால் கையைத் தள்ளும், குழியில் இறங்கினால் விரலை உதறும். அதற்குப் பெயர் ஃபோர்ஸ் ஃபீட்பேக். நடு எது, எவ்வளவு தூரம் சுற்றலாம், எவ்வளவு பலமாகத் தள்ளலாம் என்று மோட்டாருக்குச் சொல்லிவைப்பதுதான் காலிபரேஷன். அதில் ஏதோ கெட்டுப்போயிருந்தது. அவர் வயரைக் கழற்றி மாட்டினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். கும்பிட்டும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

பக்கத்து வீட்டு டிவி மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவன் வந்து ஸ்டியரிங்கைத் தட்டிப் பார்த்தான், மோந்து பார்த்தான்.

"எர்த் சரியில்லண்ணே."

"போன மாசம் ஃப்ரிட்ஜுக்கும் அதைத்தானேப்பா சொன்னே?"

"அதுக்கும் எர்த்துதாண்ணே."

டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். மனைவி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வாசற்படியில் வந்து நின்றாள்.

"என்னங்க, எவ்வளவு இழுக்குது?"

"நிறைய இழுக்குது."

"நிறையன்னா? எங்க ஸ்கூல் வண்டி ஒரு பக்கமா இழுத்தா, வேகமா ஓட்டிப் பாத்தா கோளாறு தெரியாதுங்க. ஆளில்லாத இடத்துல, முதல் கியர்ல, மெதுவா நேரா ஓட்டிப் பாக்கணும்."

சொன்னதில் நியாயம் இருந்தது. விளையாட்டில் பயிற்சி மைதானம் ஒன்று உண்டு. அதில் அவர் அதுவரை கால் வைத்ததில்லை. குழந்தைகள் போகிற இடம் என்று நினைப்பு. அன்று போனார். கிளட்சை மெதுவாக விட்டு, ஸ்டியரிங்கைத் துளித்துளியாகத் திருத்தி, கோட்டின் மேல் நேராக ஓட்டினார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு அவள் உட்கார்ந்துகொண்டாள். "கிட்டப் பாக்காதீங்க, தூரத்துல பாருங்க. இப்ப எங்க இழுக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். படுக்கப்போகும் முன் நடுவைத் திரும்பச் சரிசெய்தார். இழுப்பு நின்றது. கிடைத்த வெற்றியில் குறட்டை பலமாக வந்தது.

மறுநாள் புதுக் கோளாறு. ஸ்டியரிங் சுற்றிக்கொண்டே இருந்தது. முன்பு கால் சுற்றில் திரும்பிய வளைவுக்கு இப்போது ஒன்றரைச் சுற்று. கை இரண்டும் பின்னிக்கொண்டு அவர் மேஜைக்கு முன்னால் யோகாசனம் போட்டார்.

"ஒரு கை தள்ளணும், ஒரு கை வாங்கணும். அப்பத்தான் எவ்வளவு அதிகமாச் சுத்துதுன்னு கண்டுபிடிக்க முடியும்" என்றாள் அவள்.

கண்டுபிடித்தார். சரிசெய்தார். அதற்கு அடுத்த நாள் ஸ்டியரிங் அம்மிக்கல் மாதிரி கனத்தது. ரிவர்ஸில் போனால்தான் கனம் எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று தெரியும் என்றாள். திரையில் இரண்டு லாரிக்கு நடுவே காரைப் பின்னாலேயே கொண்டுபோய் நிறுத்த முயன்றார். லாரிக்காரன் நிஜமாக இருந்திருந்தால் அடித்தே போட்டிருப்பான். கடைசியில் ஒரு தடவை அழகாக நின்றது. "சபாஷ்" என்று அவள் கைதட்டினாள். கோளாறு பார்க்கிற வேலைக்கு எதற்குக் கைதட்டல் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் மனசுக்கு இதமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று கோளாறும் சேர்ந்தே வந்து உட்கார்ந்துகொண்டன. இழுப்பு, சுற்று, கனம். எதை எவ்வளவு வைப்பது என்றே அவருக்கு மறந்துபோனது. தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு ரேஸ். போச்சு. எல்லாம் போச்சு. இனி உன் வண்டிதான் எனக்கு விதி."

"ஏங்க, கண் டெஸ்ட் பண்றப்போ அந்த எழுத்துப் பலகையை இஷ்டத்துக்கு எங்க வேணா மாட்டுவீங்களா?"

"அதெப்படி? அதுக்குன்னு ஒரு தூரம் இருக்கு. அளவு தப்பினா பவரே தப்பிடும்."

"அப்போ ஸ்டியரிங்குக்கு எதுங்க அளவு?"

"எதுன்னா... நிஜக் காருதான் அளவு."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கூப்பிடல" என்றாள்.

"யாரு கூப்பிட்டாங்கன்னு சொன்னேன்? சும்மா பிடிச்சுப் பாத்துட்டு இறங்கிடுவேன். அளவுக்காக."

"அளவுக்காகத்தான்."

சனிக்கிழமை காலை டிரைவிங் ஸ்கூல் மைதானம் காலியாக இருந்தது. ஸ்கூல் காரில் டீச்சர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் உட்கார்ந்தார். கிளட்சை மெதுவாக விட்டார். கார் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவர் முகம் மாறியது.

"ஏய், வளைச்சுட்டுக் கையைத் தளர்த்தினா தானா நடுவுக்கு வருது பாரு!"

"ஆமாங்க."

"மெதுவாப் போனா லேசா இருக்கு. வேகம் ஏறினா நடுவுல இறுகுது. ஆஹா, இதைத்தான் நான் ரொம்ப அதிகமா வச்சிருந்தேன். சரி, குழியில விழுந்தா எவ்வளவு உதறும்?"

"இங்க குழி இல்லீங்களே. குழிக்கு ரோட்டுக்குத்தான் போகணும்."

"அப்போ போவோம்" என்று கேட்டைத் தாண்டி வெளியே திருப்பிவிட்டார்.

குழி வந்தது. "விரல் நுனியில தெரியுது, கவனிச்சியா?" என்று பூரித்துப்போனார். சிக்னல் வந்தது, நின்றார். பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நெருங்கியது, வழிவிட்டார். ஒரு தாத்தா தெருவைக் கடக்கும்வரை பொறுமையாக இருந்தார். அவர் கவனமெல்லாம் உள்ளங்கையில். பயப்படுவதற்கு மிச்சம் கவனமே இல்லை. வீட்டு வாசலில் இரண்டு ஸ்கூட்டருக்கு நடுவே ரிவர்ஸில் நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகுதான் விஷயம் உறைத்தது. சாவியை உருவிக் கையில் வைத்துப் பார்த்தார்.

"நான்... ஓட்டிட்டு வந்தேனா?"

"வந்துட்டீங்க."

போன மழைக்காலத்தில் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கியபோது, இதே வாசலில் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றது அவருக்கு ஞாபகம் வந்தது. வலியில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, டிவி மெக்கானிக்தான் ஓடிவந்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர்தான் தினமும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்கால ரேஸுக்கு அந்த உள்ளங்கை ஞாபகத்தை வைத்தே மூன்றையும் சரிசெய்தார். ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி கைக்குள் வந்தது. முதல் வளைவில் எல்லோரும் முண்டியடித்து ஒருவர்மேல் ஒருவர் ஏறினார்கள். நம்மவர் இன்டிகேட்டர் போட்டு, ஓரமாக ஒதுங்கி, நிதானமாகக் கடந்தார். மூன்றாம் இடம்!

"ஜெயிச்சுட்டேன்! இனி நீ என்னைக் கூப்பிடவே கூடாது, சத்தியம்!"

"கூப்பிட மாட்டேங்க. கூப்பிடாமத்தானே வந்தீங்க?"

அந்த நேரம் பார்த்து டிவி மெக்கானிக் உள்ளே வந்தான்.

"அண்ணே, மூணாவதா? அக்கா, நம்ம பாடத்திட்டம் வேலை செஞ்சிருச்சு!"

"என்னப்பா பாடத்திட்டம்?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு டீச்சர் முகத்தைப் பார்த்து, பரவாயில்லை என்று தெரிந்ததும் கொட்டிவிட்டான். "நீங்க கடைக்குப் போனதும் நான்தாண்ணே வந்து செட்டிங்கை மாத்துவேன். முதல் பாடம் நேரா ஓட்டுறது, அதுக்கு இழுப்பு. ரெண்டாவது கை மாத்துறது, அதுக்குச் சுத்து. மூணாவது ரிவர்ஸ், அதுக்குக் கனம். கடைசிப் பாடம் நிஜக் காரு, அதுக்கு மூணும் சேர்த்து. அக்காதான் போட்டுக் குடுத்தாங்க."

"அப்ப எர்த்து?"

"எர்த்து நல்லாத்தாண்ணே இருக்கு."

கண்ணாடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கோபப்பட வாயைத் திறந்தார். கோபம் வரவில்லை.

"காலையில ரோட்டுல எத்தனை தடவை உன் பிரேக்கை மிதிச்ச? நிஜத்தைச் சொல்லு."

"ஒரு தடவைகூட இல்லீங்க. காலை மடிச்சு சீட்டு மேல வச்சுக்கிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். "என்னைத் திட்டாம, ஊருக்கு முன்னால அசிங்கப்படுத்தாம, எனக்கே தெரியாம கத்துக்குடுத்தியே. உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. இனிமே எங்க போகணும்னாலும் சொல்லு, நான் ஓட்டுறேன்" என்றார். டிவி மெக்கானிக்கே ஒரு மாதிரியாகிவிட்டான்.

"நிஜமாவா சொல்றீங்க?"

"சத்தியமா."

"அப்போ கொஞ்சம் எழுந்திருங்க." அவர் எழுந்தார். அவள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்து, ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தாள். "நாள் பூரா அடுத்தவங்க ஓட்டுற வண்டியில முதல் கியர்லயே உருள்றவ நான். ஒரு நாளாவது ஆறாவது கியர் போட வேண்டாமா? ஆமா, இதுல எப்படிங்க ஸ்டார்ட் பண்றது?"

அடுத்த சனிக்கிழமை மேல் டிவிஷன் ரேஸை டீச்சர் ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கண்ணாடிக்காரர் டிவி மெக்கானிக்கைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு, காலிக் காய்கறிப் பையோடு காரில் மார்க்கெட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிங் தேடிக்கொண்டிருந்தார்.