பக்கத்து மலைக்கு ஹெட் பத்தாது

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அத்தை, உங்கள் மனைவியாகிய என் மகள் மூவரும் நலம். கீழ்வீட்டுத் தையல்காரர் மட்டும் சற்று நனைந்திருக்கிறார். காரணம் பின்னால் வருகிறது. தாங்கள் கேம்ப் போட்டிருக்கும் மலையில் போன் எடுக்காது என்பதால் சாமான் வண்டிக்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். திரும்பும் வண்டியில் தங்கள் ரிப்போர்ட் வருவதாகக் கேள்வி. தண்ணீரை மேலேற்றி இறக்கும் அந்தக் கரண்ட் நிலையம் பக்கத்து மலையிலா, தூரத்து மலையிலா என்று அதில்தான் எழுதப் போகிறீர்கள். பக்கத்து மலை என்றால் நீங்கள் இருவரும் எங்கள் மாடியிலேயே இருப்பீர்கள். தூரத்து மலை என்றால் கட்டி முடிக்கிற வரை, பல வருஷம், அங்கேதான் குடித்தனம். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பக்கத்து மலைதான் பிடித்திருக்கிறது.

நீங்க கிளம்பின அன்னிக்கு நான் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தேனே, அதுக்கு விளக்கம் சொல்லணும். நான் ஹெட் கிளார்க்கா இருந்து ரிடையர் ஆனவன், இன்னிக்கும் கடைத்தெருவுல என் பேரு "ஹெட்டு"தான். அப்படியிருக்க, நீங்க மாடிப்படியில நின்னு போன்ல, "இங்க இருக்கிற ஹெட்டை வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது சார், பெரிய ஹெட் இருக்கிற இடமாப் பார்த்துப் போயிடலாம்"னு சொன்னது காதுல விழுந்தா எனக்கு எப்படி இருக்கும்? சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வச்சேன். கெஞ்சுவாங்கன்னு பார்த்தேன், உங்க அத்தை தட்டை எடுத்துக் கழுவியே வச்சுட்டாங்க. அப்புறம் மகள்தான் சிரிச்சுக்கிட்டே சொன்னா, ஹெட்னா மேல் குளத்துக்கும் கீழ் குளத்துக்கும் நடுவுல இருக்கிற உயரமாம், பக்கத்து மலைக்கு அது பத்தாதாம்.

அதுலேருந்து எனக்கு ஒரே குடைச்சல். தண்ணியை மேலே ஏத்த ஆகிற கரண்டைவிட இறக்கினா வர்ற கரண்ட் குறைச்சல்னு சொல்றா, அப்ப எதுக்குடி இந்த வேலைன்னு கேட்டேன். பகல்ல வெயில்லயும் காத்துலயும் வர்ற கரண்ட் ஆள் இல்லாம வீணாப் போகுதாம், அதை வச்சுத் தண்ணியை ஏத்திட்டா, சாயங்காலம் ஊரே சுவிட்சைப் போடும்போது இறக்கிக்கலாமாம். யார் யோசிச்சாங்களோ, நல்லாத்தான் யோசிச்சிருக்காங்க. ஆனா உயரம் பத்தாதுங்கிறதை மட்டும் நான் ஒத்துக்கல. ஆபீஸ்ல எத்தனை இன்ஜினியர் கணக்கைத் திருத்தியிருக்கேன்! சைக்கிள் டைனமோ ஒண்ணு எடுத்து, அதுல கரண்டிகளைச் சுத்திக் கட்டி, அலமாரியில கிடந்த பல்பை மாட்டினேன். முதல்ல குளியலறைப் பரண்ல ஒரு வாளித் தண்ணி, அதுதான் பக்கத்து மலை. கரண்டி சுத்துச்சு, பல்பு எரியல. அடுத்தது மொட்டை மாடி டேங்க், தூரத்து மலை. மகள் மேலே போய்த் திறந்துவிட்டா. வந்த வேகத்துல குழாய் பிச்சுக்கிட்டு, நான் முழுக்க நனைஞ்சு, மிச்சம் ஜன்னல் வழியா தையல்காரர் வெட்டி வச்சிருந்த கோட்டுத் துணி மேல போயிடுச்சு. மனுஷன் டேப்பைக் கழுத்துல போட்டபடியே சண்டைக்கு வந்தார். கழண்டு விழுந்த பல்பை நான் கையில எடுக்கிறேன், பளிச்சுன்னு எரியுது! அவர் திட்ட வந்ததை மறந்துட்டு, "இன்னொரு தடவை திறக்கச் சொல்லுங்க சார்"ங்கிறார்.

ஆக, உயரம் இருந்தாத்தான் வெளிச்சம்னு என் கண்ணாலேயே பார்த்துட்டேன். மாடியில உங்க ரெண்டு பேர் காலடிச் சத்தம் இல்லாம இந்த வீட்டுல எப்படி இருக்கப் போறேன்னு தெரியல, நினைச்சாலே அழுகையா வருது. அதுக்காகப் பொய்க் கணக்கு எழுதுங்கன்னு கேட்க எனக்கு வாய் வரல. தூரத்து மலைன்னே எழுதிடுங்க. எங்களைப் பத்திக் கவலை வேண்டாம்.

தாங்களும், தாங்கள் ஏற்றப்போகும் தண்ணீரும் இடரில்லாமல் மேலேறி இறங்க எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பி.கு: கடிதத்தை ஒட்டப் போகும்போது உங்க அத்தை பாத்திரம் தேய்ச்ச கையோட அந்தப் பல்பை ஓரமா எடுத்து வச்சாங்க. அவங்க கையிலயும் எரியுது. அது கரண்ட் போனா எரியுறதுக்காக உள்ளேயே பேட்டரி வச்ச பல்பாம், ஈரக்கை பட்டாலே போதுமாம். ஆகவே மேற்படி சோதனை செல்லாது, மேலே எழுதியது அனைத்தையும் ரத்து செய்கிறேன். ரிப்போர்ட்டை வண்டியில அனுப்பாதீங்க, கையோட எடுத்துக்கிட்டு நீங்களே வாங்க, பக்கத்து மலையை நாம ரெண்டு பேருமாப் போய் இன்னொரு தடவை அளந்துடுவோம். மலை வளர்ந்திருக்காதுன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் அளந்து பார்ப்போம் மாப்பிள்ளை.