தையல்கடையில் பிடிபட்ட கேஸ் துப்பாக்கி

பழைய பொருளைக் கடைவாசலில் காட்சிக்கு வைப்பது எங்கள் தெருவில் ஒரு நோயாகப் பரவிய வருடம் அது. பேக்கரியில் பாடாத ரேடியோ. மருந்துக்கடையில் முள் இல்லாத தராசு. செருப்புக்கடையில் யாரோ ஒருவருடைய தாத்தாவின் படம். தையல்காரரால் மட்டும் சும்மா இருக்க முடியுமா? செத்துப்போன பெரியப்பாவின் பெட்டியைக் குடைந்து, நீளமான துப்பாக்கி ஒன்றை எடுத்துத் துடைத்துக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தினார்.

அது சாதாரணத் துப்பாக்கி இல்லை. குழலுக்கு அடியில் தடியாக இன்னோர் உருளை இருந்தது. எதிர்க்கடைக் கடிகாரக்காரர் வந்து லென்ஸைக் கண்ணில் இடுக்கிப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"கேஸ் துப்பாக்கிண்ணே. ஏர் கன் வகைதான், ஆனா பம்ப் அடிக்க வேண்டாம். இந்த உருளையில கரியமில வாயுவை அடைச்சு வச்சா அதுவே குண்டைத் தள்ளும். நூறு வருஷத்துக்கு மேல இருக்கும். வாஷர் போயிடுச்சு, இனி ஈயைக்கூட அடிக்காது."

விஷயம் இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் உலகத்தில் அலுவலகங்கள் என்று சில இருக்கின்றனவே.

மறுநாள் ஆயுத அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். 'அடையாளம் தெரியாத பொருள்' என்று எழுதிக் கடைக்குச் சீல் வைத்தார்கள். துப்பாக்கியை மட்டும் தையல்காரர் கையிலேயே கொடுத்து, "பத்திரமா வச்சிருங்க, ஆபத்தான பொருள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உள்ளே நாற்பத்திரண்டு பள்ளிச் சீருடைகள் காஜா எடுக்காமல் கிடந்தன. அன்று வியாழன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது.

தையல்காரர் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றினார். கடிகாரக்காரரையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு ஆயுத அலுவலகம் போனார்.

"இது என்னன்னு எனக்குத் தெரியும் சார்" என்றார் கடிகாரக்காரர்.

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? அலுவலகத்துக்குத் தெரியணும்ல" என்று அதிகாரி படிவத்தைப் புரட்டினார். "என்ன மருந்து போட்டா வெடிக்கும்?"

"மருந்தே கிடையாது சார், கேஸ்தான் தள்ளும்."

"மருந்து இல்லேன்னா துப்பாக்கி இல்லை. கேஸ்னா கேஸ் அலுவலகம். அடுத்த ஆள்!"

கேஸ் அலுவலகத்து அம்மா மிகவும் பொறுமைசாலி. துப்பாக்கியை மேசையில் படுக்கவைத்து, நோயாளியைப் பார்ப்பதுபோல் எல்லாப் பக்கமும் பார்த்தார்.

"எத்தனை அடுப்பு?"

"அடுப்பு இல்லம்மா, குழல்தான்."

"தீ எந்தப் பக்கம் வரும்?"

"தீயே வராதும்மா. இந்த வாயு எரியாது. எரியிறதைக்கூட அணைச்சிடும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார் கடிகாரக்காரர்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே!"

வெள்ளிக்கிழமை மாலை தீயணைப்பு அலுவலகத்தில் சோதனை நடந்தது. உருளை உண்டு. விசை உண்டு. நெருப்பை நோக்கி நீட்ட ஒரு குழலும் உண்டு. இதற்கு மேல் என்ன வேண்டும்? 'மேற்படி பொருளானது தோளில் தாங்கி இயக்கத்தக்க, பழமை வாய்ந்த தீயணைப்புச் சாதனம் என இதன்மூலம் அடையாளம் காணப்படுகிறது' என்று எழுதி, கீழே உடைமையாளருக்கு ஒரு கோடும் சாட்சிக்கு ஒரு கோடும் போட்டார்கள்.

கடிகாரக்காரர் பேனாவைத் தொடவில்லை. "என் கை வராதுண்ணே."

"டேய் தம்பி, நாற்பத்திரண்டு பிள்ளைங்க திங்கக்கிழமை எதைப் போட்டுக்கிட்டுப் போகும்? உன் கடிகாரத்தையா?"

"பொய் இல்லையா அது?"

"பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. சான்றிதழ்டா!"

கடைசியில் சாட்சிக் கையெழுத்தை வரிசையில் பின்னால் நின்ற நான் போட்டேன். எனக்கும் அங்கே ஒரு வேலை ஆகவேண்டியிருந்தது.

சனிக்கிழமை சீல் உடைந்தது. ஞாயிறு முழுக்க மிஷின் ஓடியது. திங்கட்கிழமை பிள்ளைகள் மொடமொடவென்று போனார்கள்.

தையல்காரர் சான்றிதழைச் சட்டம் போட்டுத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் மாட்டினார். சோதனைக்கு வந்த தீயணைப்பு அதிகாரிகள் அதைப் பார்த்துச் சொக்கிப்போனார்கள். அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது: பொதுமக்கள் நலன் கருதி, எல்லாக் கடைகளிலும் தோளில் தாங்கும் சாதனம் இருத்தல் நலம்.

நலம் என்றால் கட்டாயம் என்பது எங்களுக்குத் தெரியாதா? பேக்கரிக்காரரும் மருந்துக்கடைக்காரரும் காயலான்கடைகளைச் சல்லடை போட்டுச் சலித்து, துருப்பிடித்த ஏர் கன்களை வாங்கி வந்து மாட்டினார்கள். ஏற்கெனவே சுவரில் இருந்த சிவப்புத் தீயணைப்பு உருளைகள் கதவுக்கு முட்டுக்கொடுக்கப் போயின.

கடிகாரக்காரர் மட்டும் துப்பாக்கி வாங்காமல், தன் சிவப்பு உருளையைப் புதிதாக நிரப்பி, சுவரிலேயே வைத்திருந்தார்.

"உனக்கு என்ன அப்படி வீம்பு?" என்று கேட்டோம்.

"வீம்பு இல்லண்ணே. தீப்பிடிச்சா அணையணும்ல?"

இப்படிப் பேசுகிறவனை வைத்துக்கொண்டு தெருவில் எப்படி நிம்மதியாக இருப்பது? ஊர்ப் பாதுகாப்பைக் கருதி ஒரு மனு தயாரானது. முதல் கையெழுத்து தையல்காரருடையது. "என்ன பண்றது தம்பி, எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்று கடிகாரக்காரரிடமே சொல்லிவிட்டுத்தான் போட்டார், நல்ல மனிதர். அடுத்த கையெழுத்து என்னுடையது.

போன வாரம் கடிகாரக் கடைக்குச் சீல் வைத்தார்கள். தெருவே அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியது. துப்பாக்கி இல்லாத கடைக்குப் பக்கத்தில் குடியிருக்க யாருக்குத்தான் பயமாக இருக்காது?