குறை சொல்லக் கூடாத இடுப்பு

இங்கிலாந்தின் வட பகுதியில் ஓர் இனம் உண்டு: குறையே சொல்லாதவர். கண்டுபிடிப்பது சுலபம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள், "குறை சொல்லக் கூடாது" என்பார். மனிதர் திருப்தியாக இருக்கிறார் என்றா நினைத்தீர்கள்? கூரை ஒழுகுகிறது, வெந்நீர்க் குழாயில் வெந்நீர் வரவில்லை, மாப்பிள்ளை மறுபடியும் வேலையை விட்டுவிட்டான் என்று பொருள்.

எங்கள் ஹாலிஃபாக்ஸ் ஊர் வில்ஃப்ரெட் ஆக்ராய்ட் இந்த இனத்தில் முதல் தரம். இடுப்பெலும்பு தேய்ந்துபோய், உயிருக்குயிரான பந்துருட்டு விளையாட்டு நடக்கும் புல்வெளிப் பக்கமே அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. யாரும் கேட்காமலே தபால்காரரிடம் புலம்புவார், மீன் வறுவல் கடை வரிசையில் முன்னால் நிற்பவரிடமும் பின்னால் நிற்பவரிடமும் புலம்புவார், மனைவி மேவிஸிடம் தூக்கத்தில்கூடப் புலம்புவார். அவர் வாய் திறக்காத இடம் ஒன்றே ஒன்று, அதைச் சரிசெய்யக்கூடியவரின் எதிரில்.

மாதக்கணக்கில் காத்திருந்து, அறுவைச் சிகிச்சை நிபுணரான அம்மாளைப் பார்க்க நாள் கிடைத்தது. வலி தாங்கவில்லை என்று சொன்னால் ஆபரேஷன். இல்லாவிட்டால் புல்வெளியை மறந்துவிட வேண்டியதுதான். டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"குறை சொல்லக் கூடாது, டாக்டர். நீங்க எப்படி?"

டாக்டரின் இடது கை கட்டுப் போட்டுக் கழுத்திலிருந்து தொங்கியது. "எனக்கும் அதேதான், குறை சொல்லக் கூடாது" என்றார் அவர். பிறகு இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். வலி அதிகமுள்ளவர்களுக்கு முதலில் ஆபரேஷன், இவருக்கு இப்போதைக்கு இல்லை என்று முடிவாயிற்று. ஆக்ராய்ட் மனமார நன்றி சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"சொன்னியா இல்லையா?" என்றாள் வெளியே காத்திருந்த மேவிஸ்.

"பாவம், அந்தம்மாவுக்கே கை ஒடிஞ்சு தொங்குது. அவங்ககிட்டப் போய் என் இடுப்பையா பேசறது?"

மேவிஸ் கைப்பையை அவர் கையில் திணித்தாள். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

"இந்த மனுஷன் வாயத் தொறக்க மாட்டாரு, டாக்டர். குறை சொல்லத்தான் நான் வந்திருக்கேன்."

வெளியே நின்ற ஆக்ராய்டுக்கு மானமே போயிற்று. இடுப்புகூட அப்படி வலித்ததில்லை. ஆனால் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள், நடந்தது, வசந்தத்தில் பந்து உருட்டினார். தோற்றார். புல் சரியில்லை என்று புலம்பினார், மேவிஸிடம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அது கிடக்கட்டும், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

"ஏதோ ஓடிக்கிட்டிருக்கு" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டதா? சரி, வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள்.