இரண்டாம் தறிப் படலம்

வாழி உமாபதி! சிவப்புப் பென்சில் ஏந்திய செங்கையோன், படிவம் பதினாயிரம் பார்த்துத் தேய்ந்த கண்ணாடியோன், கட்டம் ஒன்று காலியாயின் காகிதம் முழுவதையுமே காலியென்று கொள்ளும் கொள்கைக் குன்று! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டின் ஐப்பசித் திங்களில், காஞ்சி மாநகர் நெசவாளர் சங்கமொன்றின் (எந்தச் சங்கமென்று கேளாதீர், எனக்கும் பட்டுநூல் வேண்டும்) கம்பிச் சன்னலைக் கோட்டையாகக் கொண்டு அக்குமாஸ்தா வீரன் புரிந்த பெரும்போரைச் சொல்லப் புகுந்தோம்.

எதிர்நின்றவள் பிள்ளையார்பாளையத்து அம்சவேணி. இரண்டு மாதமாக நூலின்றிக் கிடந்த ஒற்றைத் தறியும், அதை நம்பியிருந்த நான்கு வயிறுகளுமே அவள் சேனை. நூல் கேட்கும் படிவத்தின் பதினேழு கட்டங்களில் பதினாறை நிரப்பி, ‘இரண்டாம் தறியின் எண்’ என்னும் ஒன்பதாம் கட்டத்தை மட்டும் வெறுமையாய் விட்டு மும்முறை படையெடுத்தாள்; மும்முறையும் வீரன் குறுக்கே கோடு கிழித்துத் திருப்பியனுப்பினான்.

“எனுக்கு ஒரே தறிதாம்பா இருக்குது. இல்லாத தறிக்கு நம்பர் எங்க போய் வாங்கிக்கினு வர்றது?”

“காலியா வுட்டா மத்ததையும் நான் படிக்க மாட்டேம்மா. எதுனா ஒண்ணு இருக்கணும்.”

நான்காம் நாள், கருணை மேலிட்டோ காபி வேளை நெருங்கியோ, அவ்வள்ளல் தன் திருக்கரத்தாலேயே அக்கட்டத்தில் ஒரு பூஜ்யம் வரைந்தருளினான். உடனே படிவம் உயிர்பெற்றெழுந்தது. முத்திரைகள் இடியென விழுந்தன. அம்சவேணி கண்கலங்கக் கும்பிட்டாள். எனக்கு அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

மறுவாரம் ஆய்வாளன் பரமசிவம், சைக்கிளென்னும் புரவியேறி அவள் வீடு புகுந்து, முதல் தறியைக் கண்டு தலையசைத்து, பூஜ்யம் எண்ணுள்ள தறியை நாடிக் கூடத்திலும் அடுப்படியிலும் கொல்லையிலும் துருவித் துழாவி, காணாது வெகுண்டு, ‘இரு தறிகளுள் ஒன்றைக் காணவில்லை, விற்றுவிட்டதாகத் தெரிகிறது’ என்று அறிக்கை பொறித்தான். சங்கம் திரண்டது. செயலாளர் எழுந்தார். “தொலைந்த தறி கிடைக்கும் வரை, இருக்கும் தறிக்கு நூலில்லை என்று அனைவரும் அறிக!” எனப் பிரகடனம் முழங்கிற்று. உமாபதி அதை மூன்று படி எடுத்து, ஒரு கட்டமும் காலியின்றிக் கோப்பில் சேர்த்தான்.

அம்சவேணி மறுநாள் ஏனாத்தூர் வயலுக்குக் கூலிக்குக் களையெடுக்கப் போனாள்.