மதலைமுத்து சொன்ன ஜெர்மனி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை குஞ்சிதபாதம் ஒரு தீர்மானத்தோடு எழுந்தார். மனைவி அம்சத்தை ஜெர்மனிக்கு அனுப்பக் கூடாது.

மகள் செம்மொழிக்கு அங்கே பிரசவம். அவளுடைய மாமியார் ஏற்கெனவே போய் இறங்கியாகிவிட்டது. ஆனாலும் "அம்மா, நீயும் ஒரு மூணு மாசம் வாயேன்" என்று போனில் தினமும் கெஞ்சிக்கொண்டிருந்தாள். மகளுக்கு ஆள் இருந்தது. குஞ்சிதபாதத்துக்குத்தான் ஆள் கிடையாது. அறுபத்திரண்டு வயதில் அவருக்கு நாற்று விடத் தெரியும், உரம் போடத் தெரியும், வாய்க்கால் தண்ணீருக்காகப் பக்கத்து வயல்காரரோடு மல்லுக்கு நிற்கத் தெரியும். அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று மட்டும் தெரியாது. தொண்ணூறு நாள், இருநூற்று எழுபது வேளை!

'போகாதே' என்று நேரே சொல்லத் தைரியமில்லை. ஜெர்மனி எவ்வளவு மட்டம், குடவாசல் எவ்வளவு சொகுசு என்று அவளே உணர்ந்து நின்றுவிட வேண்டும். அதற்குச் சாட்சி, அரிசி மண்டி மதலைமுத்து. தம்பி வீட்டில் மூன்று மாதம் தங்கி ஜெர்மனியைப் பார்த்துவிட்டு வந்தவர். மாதா கோயில் பூசை முடிந்து வந்த மனிதரைத் தெருவிலேயே மடக்கினார். மதியம் விரால் குழம்பு என்று பேச்சு முடிந்தது.

"நல்லதா ஒரு வார்த்தை வாயில வந்துடக் கூடாது, மதலை."

"மீன் எவ்வளவு பெரிசு?"

"ரெண்டு கிலோ."

"அப்ப வராது."

கொல்லையில் அம்சம் விராலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் நாற்காலிகளை அங்கேயே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"ஜெர்மனியில சாப்பாடெல்லாம் எப்படி மதலை?" என்றார் குஞ்சிதபாதம், பச்சைக் குழந்தை மாதிரி.

"அதை ஏன் கேக்கறீங்க! ராத்திரிக்கு அடுப்பே பத்த வைக்கமாட்டாங்க. ரொட்டியும் ஒரு துண்டு சீஸும்தான்."

அம்சத்தின் கை நின்றது. "தினமுமாண்ணே?"

"தினமும்தான் தங்கச்சி."

"யாரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்க மாட்டாங்களா?"

"ஊரே அதைத்தானே திங்குது."

"அடப்பாவமே!" என்று குஞ்சிதபாதம் உச்சுக்கொட்டினார். "நம்ம வீட்டுல பாரு, ராத்திரி சுடச்சுட இட்லி, ரெண்டு சட்னி..."

"மூணு," என்றாள் அம்சம். "உங்களுக்குன்னு தனியா ஒண்ணு அரைக்கிறேன்."

குஞ்சிதபாதம் சட்டென்று சொந்தபந்தத்துக்குத் தாவினார். மதலைமுத்து புரிந்துகொண்டார்.

"ஒரு வாரம் முன்னாடி சொல்லாம எவனும் எவன் வீட்டுக்கும் வரமாட்டான். கூடப்பொறந்தவளா இருந்தாலும் கேட்டுட்டுத்தான் வரணும்."

போன ஆடிப்பெருக்கன்று குஞ்சிதபாதத்தின் நன்னிலத்து அக்கா, சொல்லாமல் கொள்ளாமல் பதினோரு பேரோடு வந்து இறங்கியிருந்தாள். அம்சம் மீனைக் கீழே வைத்தாள். "கேட்டுட்டுத்தான் வரணுமா!" கண் கலங்கிவிட்டது. வருத்தத்தில் கலங்குகிறது என்று நம்பினார் அந்த அப்பாவி.

"இன்னும் கேளுங்க தங்கச்சி. ஞாயித்துக்கிழமை மிக்ஸி போட்டா, மேல்வீட்டுக்காரன் கதவைத் தட்டிச் சண்டைக்கு வருவான்."

"ஞாயித்துக்கிழமை அரைக்கவே கூடாதா?"

"கூடாது. இதெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம். என் தம்பி அங்க பெரிய இஞ்சினியரு. பொண்டாட்டி சோபாவுல உக்காந்து டீ குடிக்கிறா, இவன் பாத்திரம் கழுவறான்! என் கண்ணால பாத்தேன். ரெண்டு நாள் எனக்குச் சோறே இறங்கல."

குஞ்சிதபாதத்துக்கே தூக்கிவாரிப் போட்டது. அம்சம் எழுந்து குழாயடியில் கையைக் கழுவ ஆரம்பித்தாள். பாதி மீன் அப்படியே கிடந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு முதல் தடவையாகச் சந்தேகம் தட்டியது.

"குளிரு வேற, அம்சம்! எலும்பு உறைஞ்சிடுமாம்."

"முப்பத்தஞ்சு வருஷமா அடுப்புக்கு முன்னாடி வேகறேன். கொஞ்சம் உறைஞ்சா உறையட்டுங்க."

"என்ன இப்படிச் சொல்றே?" அவர் குரல் கீச்சிட்டது. "ரெண்டு ஊரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. இங்க என்ன குறை? உக்காந்த இடத்துக்குக் காபி வருது. தட்டுக்குச் சோறு வருது. துவைச்ச வேட்டி மடிப்புக் கலையாம வருது..."

"வருதுதான். எங்கேருந்துங்க வருது?"

மதலைமுத்து அவசரமாக வானத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வி குஞ்சிதபாதத்துக்குத் தோன்றியதே இல்லை. வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அம்சம் உள்ளே போய்ப் போனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"செம்மொழிக்குப் போட்டுக் குடுங்க."

"எதுக்கு?"

"நேத்து நீங்க வயலுக்குப் போயிருந்தப்பப் பேசினா. 'அப்பா தனியாத் தவிச்சுப் போயிடுவாரு, நான் வரலம்மா'ன்னு கண்டிப்பாச் சொல்லிட்டேன். அவளும் சரின்னு விட்டுட்டா," என்றாள் அம்சம், புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி. "நல்லவேளை, நீங்க மதலைமுத்து அண்ணனைக் கூட்டிட்டு வந்தீங்க."