கம்பியை விட்ட சைரன் அக்கா

உத்திரமேரூர் வட்டாரத்தில் சைரன் அக்காவிடம் திட்டு வாங்காத ஆள் ஒருவர் இருந்தால், அவர் இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம். பிறந்த குழந்தையைக்கூட, "இன்னாத்துக்கு இப்டி அயுவுற? உங்கம்மா தூங்க வாணாமா?" என்று விசாரித்தவர் அவர்.

ஊர் பெருநகர் என்ற கிராமம். வயல் வேலை. சர்க்கரை நோயில் காலில் வந்த புண் ஆறாமல், வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் காலோடு நடை பழக எங்கள் மருத்துவமனையின் பயிற்சிக் கூடத்துக்கு வந்தார். நான் அங்கே பிசியோதெரபிஸ்ட். இரண்டு கம்பிகளுக்கு நடுவில் அவரை நிறுத்தி, "நடங்க அக்கா" என்றேன்.

"எங்க போவணும்?"

"அந்தக் கோடி வரைக்கும்."

"அங்க இன்னா கீது?"

"கண்ணாடி இருக்கு. நீங்க நடக்குறத நீங்களே பாக்கலாம்."

"என் மூஞ்ச நான் வூட்லயே பாத்துக்கினேன். வேல இல்லாத எடத்துக்கு இன்னாத்துக்கு நைனா போவணும்?"

வாழ்நாளில் காரணமில்லாமல் ஓர் அடி எடுத்து வைத்ததில்லையாம். ஒரு வாரம் கம்பியை உடும்பாகப் பிடித்துக்கொண்டு நின்றாரே தவிர, நகரவில்லை.

நகர்த்தியது ஒரு டீ. டீ கொண்டுவரும் மாணிக்கம் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, அக்காவை மட்டும் மறந்துபோய், கண்ணாடி பக்கத்தில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார்.

"யோவ்! என் டீ எங்கய்யா?"

அக்கா கிளம்பிவிட்டார். எங்கள் பக்கத்தில் கையை ஆட்டாமல் சண்டை போட முடியாது. கையை ஆட்ட வேண்டுமென்றால் கம்பியை விட வேண்டும். விட்டார்! ஒரு கை மாணிக்கத்தின் முகத்துக்கு நேராக. இன்னொரு கை அவருடைய பரம்பரையை நோக்கி. செயற்கை முட்டி மடங்காமல் இருக்கக் குதிகாலை ஊன்றி, தொடையைப் பின்னால் அழுத்த வேண்டும் என்று நான் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் கோபத்தில் தானாக வந்தது.

மறுநாளிலிருந்து கோடியில் ஆள் நிறுத்துவதே என் வைத்தியம். வாட்ச்மேன் திட்டு வாங்கினார். எலக்ட்ரீஷியன் வாங்கினார். ஒருநாள் யாரும் சிக்காமல் நானே போய் நின்றேன். "மூஞ்சியப் பாரு, தேஞ்ச சோப்பு மாரி" என்றபடி வந்து சேர்ந்தார். கையில் ஒரு தடியோடு அவரை ஊருக்கு அனுப்பிவைத்தோம்.

பிறகு ஒருநாள் அவருடைய மகன் போன் செய்தார். "சார், அம்மா சேத்துல வியுந்துட்ச்சி. அடி ஒண்ணும் இல்ல. ஆனா கால மாட்ட மாட்டேன்னுது. பேசவும் மாட்டேன்னுது சார்."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு பெருநகர் போனேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். செயற்கைக் கால் மூலையில் சாய்ந்து நின்றது.

"தெருவே பாத்துச்சி நைனா," என்றார் மெதுவாக. "இனிமே வாணாம்."

அப்போது எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. குப்பு. சாக்கடைத் தண்ணீர் யார் பக்கம் ஓட வேண்டும் என்பதில், அக்காவுக்குப் பல வருடப் பகையாளி.

"இன்னாடி, காலோட வாயும் பூட்ச்சா? இன்னிக்கு என் தண்ணி உன் வாசல்லதான். கேக்க ஆளு கீதா?"

சளப்பென்று ஒரு குடம் தண்ணீர் வாசலில் விழுந்தது.

அக்கா நிமிர்ந்தார். "நைனா, அந்தக் கால எட்றா."

மிச்சத் தொடையைச் செயற்கைக் காலின் கிண்ணத்துக்குள் இறக்கிப் பட்டையை இறுக்கக் கொஞ்ச நேரம் ஆகும். எதிர்ப்பக்கம் சண்டை நின்றது. "மெதுவா மாட்டுடி," என்றது குரல். "நான் எங்கியும் போவல."

அக்கா தெருவில் இறங்கினார். சேறு, சாணி, குப்பு ஊற்றிய தண்ணீர். ஒரு கையில் தடி, மற்றது வசவுக்கு. கைகளை விரித்தபடி நான் பின்னால் போனேன். நடுத்தெருவில் வழுக்கியது.

"பாத்துடி!"

கத்தியது நானில்லை, குப்பு. அக்கா தடியை ஊன்றிச் சமாளித்து நின்றார். அப்புறம் முன்னைவிடப் பலமாகத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

குப்புவின் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி துடைத்துப் போட்டிருந்தது.

"ஒக்காந்து திட்டுடி," என்றார் குப்பு, முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டே.

அக்கா உட்கார்ந்து திட்டினார். இப்போதும் தினமும் தெருவைத் தாண்டிப் போய்த்தான் அந்தச் சண்டையை நடத்துகிறார். நானும் பெருநகர் பக்கம் போனால், சுற்று வழியானாலும் அந்தத் தெருவில் வண்டியைத் திருப்புகிறேன். "இன்னாடா இப்டி எளைச்சிட்ட, துன்றியா இல்லியா?" என்று அவர் நாலு வீட்டுக்குக் கேட்கச் சத்தம் போடுவார். அதைக் கேட்காத வாரம் எனக்கு வாரமாகவே தெரிவதில்லை.